பங்குனி வெயிலுக்கு முன் கைவேலை அலமாரி

போகிக்கு மூலைமுடுக்கெல்லாம் ஒழித்த வீடுகளிலும் ஒரு அலமாரி மட்டும் தப்பித்துவிடும். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருப்பது அது. கதவைத் திறந்தால் சம்கி பாக்கெட் காலில் விழும். ஜரி நூல் சில்க் திரெட்டோடு பின்னிக்கொண்டு வரும். எந்தப் பிளவுஸில் மிஞ்சியது என்று யாருக்கும் நினைவில்லாத துணித் துண்டுகள் ஒரு கட்டைப்பை நிறைய இருக்கும். ஆரி ஒர்க், சில்க் திரெட் வளையல், குரோஷே, டெரகோட்டா நகை என்று எதைப் பழகினாலும் இரண்டு வருஷத்தில் அலமாரி இந்த நிலைக்குத்தான் வரும்.

போகியில் அதைத் தொடாமல் விட்டதில் தப்பில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிற வடகிழக்குப் பருவமழையின் ஈரம் மரப்பலகையிலும் அட்டைப்பெட்டியிலும் ஊறிக் கிடக்கும். அதன்மேல் மார்கழிப் பனி. தை பிறப்பதற்குள் எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு இறுக மூடினால், ஈரத்தையும் சேர்த்துத்தான் மூடுகிறோம். மாசி நடுவிலிருந்து பங்குனி நடுவரை, அதாவது பிப்ரவரி கடைசியும் மார்ச்சும்தான் இதற்கு ஏற்ற காலம். மழை ஓய்ந்து, பனி குறைந்து, வெயில் இன்னும் சுடாத நாட்கள். கோவை, சேலம் பக்கம் காற்று நன்றாகவே உலர்ந்திருக்கும். சென்னை, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் அப்போதும் ஈரப்பதம் இருக்கும் என்பதால் காலை பதினொன்றுக்கு மேல் மூன்று மணிக்குள் திறந்து காயவைத்து, அந்த நேரத்துக்குள்ளேயே மூடிவிட வேண்டும். சித்திரை வந்துவிட்டால் பிரச்சினை வேறு. அப்போது கெடுப்பது ஈரம் இல்லை, சூடு.

அழகான அலமாரிப் படங்களைப் பார்த்து நிறவாரியாக அடுக்குகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். நிறம் பார்த்து அடுக்கினால் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் சிவப்பு ஜரி நூலும் சிவப்பு அக்ரிலிக் பெயின்ட்டும் சிவப்பு எலாஸ்டிக்கும் ஒரே இடத்தில் இருந்தால் அவற்றில் ஒன்றாவது கெடும். ஒவ்வொன்றும் எதற்குப் பயப்படுகிறது என்று பார்த்துப் பிரிப்பதுதான் நம் ஊர் தட்பவெப்பத்துக்குச் சரி. ஈரத்துக்குப் பயப்படுபவை, சூட்டுக்குப் பயப்படுபவை, பூச்சிக்குப் பயப்படுபவை என்று மூன்று குவியல். நிறம், அளவு எல்லாம் அதற்கப்புறம்.

தொடங்குமுன் டப்பா வாங்கக் கூடாது. இருபத்துநாலு அறை டப்பா பத்து வாங்கி வந்த பிறகுதான் தன்னிடம் இருப்பதில் பாதி அந்த அறைக்குள் நுழையாத நீளம் என்று தெரியவரும். முதலில் வேண்டியது இரண்டு பழைய வெள்ளை வேட்டி, நாலு எவர்சில்வர் தட்டு, ஒரு காந்தம், சமையலறைத் தராசு, பேனா. வேட்டியை விரித்துவிட்டு ஃபேனை நிறுத்துங்கள். இதை மறந்தால் சம்கி வீடெங்கும் பறந்து, தீபாவளி வரை ஒவ்வொன்றாய்க் கண்ணில் படும். மொத்த அலமாரியையும் ஒரே நாளில் தரையில் கொட்டாமல், ஒரு முறைக்கு அலமாரியின் ஒரு தட்டு, ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் குக்கர் விசில் அடித்தாலும் வேட்டியின் நாலு முனையைச் சேர்த்து முடிந்து தூக்கி வைத்துவிடலாம்.

முதலில் மணிகள். கண்ணாடி மணி எதற்கும் அசையாது என்று நினைப்போம். துளைக்குள் வெள்ளிப் பூச்சு உள்ள சுகர் பீட்ஸ் ஈரம் பட்டால் உள்ளுக்குள் மங்கிவிடும். குந்தன் கல்லுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகடு கறுத்தால் கல்லே செத்தது போலத் தெரியும். பிளாஸ்டிக் முத்துக்கு வியர்வையும் சூடும் ஆகாது, மேல்பூச்சு உரிந்து கவரோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் கடையில் தந்த மெல்லிய கவரிலேயே முத்தை வருஷக்கணக்கில் வைக்காதீர்கள். குந்தனும் வெள்ளிப்பூச்சு மணியும் இறுக மூடும் டப்பாவில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கட்டும். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரத்தை உறிஞ்சி முடித்துவிட்டது என்று அர்த்தம், மாற்றிவிட வேண்டும். அந்த நிறத்துக்குக் காரணம் கோபால்ட் உப்பு, நஞ்சு. சமையல் பாத்திரத்தில் போட்டு வறுத்துத் திரும்பப் பயன்படுத்தும் யோசனை வேண்டாம்.

கலந்துபோன மணிகளைப் பிரிக்க ஒரு எளிய வழி உண்டு. ஒரு பிடி மணியை எவர்சில்வர் தட்டின் ஒரு ஓரத்தில் போட்டு, அந்த ஓரத்தை இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கி, விளிம்பை விரலால் மெல்லத் தட்டுங்கள். உருண்டை மணிகள் முதலில் ஓடி மறுகரையில் சேரும். குழல் வடிவக் கட் பீட்ஸ் தயங்கித் தயங்கிப் பாதி தூரத்தில் நிற்கும். சம்கி இடத்தை விட்டு நகரவே நகராது. இப்படி மூன்று முறை செய்தால் வடிவவாரியாகப் பிரிந்துவிடும், பிறகு நிறம் பிரிப்பது சுலபம். சிக்கியிருக்கும் ஊசியையும் குண்டூசியையும் காந்தம் இழுத்துக்கொள்ளும். ஒரு பிடிக்கு அரைமணிக்கு மேல் ஆகிறதென்றால் விட்டுவிடுங்கள். அதெல்லாம் ‘கலவை’ என்று எழுதிய பாட்டிலுக்கு. கொலுப்படி ஜோடனைக்கும் குழந்தைகளுக்கும் ஆகும். ஐம்பது ரூபாய் மணிக்காக ஒரு பகலைச் செலவழிப்பது சிக்கனம் இல்லை.

பலரும் அஞ்சறைப்பெட்டியை மணிப்பெட்டி ஆக்குகிறார்கள். மேசையில் வைத்துக் கோக்க அதைப்போல வசதி இல்லை. ஆனால் கிண்ணங்களுக்குத் தனி மூடி கிடையாது. நிமிர்த்தித் தூக்கினால் போச்சு, ஏழு நிறமும் ஒன்றாகிவிடும். வேலை நடக்கும்போது அஞ்சறைப்பெட்டி, முடிந்ததும் மூடியுள்ள டப்பா என்று வைத்துக்கொள்வது நல்லது. டப்பாவை முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம், திறக்கும்போது சிதறும். காலி டப்பாவின் எடையை மூடியிலேயே எழுதிவையுங்கள். ‘18 கிராம்’ என்று இருந்தால் அடுத்த முறை டப்பாவோடு தராசில் வைத்துக் கழித்துப் பார்த்தால் கையிருப்பு தெரிந்துவிடும். ஒரு பிளவுஸுக்குக் கைவசம் உள்ளது போதுமா என்று கண்ணளவில் பார்த்து ஏமாறுவதும் நிற்கும்.

ஜரிக்கும், ஸ்பிரிங் போலச் சுருண்ட ஜர்தோசிக்கும் தனி மரியாதை தர வேண்டும். உலோகம் சேர்ந்த ஜரி கறுப்பதற்குக் காற்றில் உள்ள கந்தகமும் ஈரமும் காரணம். இந்தக் கந்தகத்தை நாமே கொண்டுபோய் வைக்கிறோம். ரப்பர் பேண்டைப் பதப்படுத்துவதே கந்தகத்தால்தான். அதை ஜரிக் கண்டில் சுற்றிவைத்தால் சுற்றிய இடத்தில் கோடாகக் கறுத்திருக்கும். செய்தித்தாளில் பொதிவதும் இப்படித்தான். கஞ்சியும் நீலமும் போடாமல் அலசிக் காய்ந்த பழைய மல் துணியில் சுற்றுங்கள், நூலாலேயே கட்டுங்கள். சென்ட், அந்துருண்டை எதுவும் தொடக் கூடாது. ஜர்தோசிச் சுருள் ஒருமுறை இழுபட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. ஒரு ஸ்ட்ரா அல்லது காலி ரீஃபில் குழாய் அகலமுள்ள குழலில் நீட்டமாக நுழைத்துவைத்து, வேண்டிய அளவு மட்டும் வெட்டிக்கொள்ளலாம். கறுத்துப்போனதைத் தேய்த்து வெளுக்கப் பார்க்காதீர்கள். ‘ஆன்டிக்’ வேலைக்கு அதே கறுப்பைக் காசு கொடுத்துக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சில்க் திரெட் என்று நாம் சொல்வது பெரும்பாலும் பட்டு இல்லை, ரேயான். நனைந்தால் அதன் பலம் குறையும். ஈரம் கோத்திருந்தால் நிழலில் உலர்த்திவிட்டு அப்புறம் சுற்றுங்கள், வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும். ஸ்பூலை எறிந்துவிடாமல் விளிம்பில் பிளேடால் சிறு கீறல் போட்டு நூலின் நுனியை அதில் செருகிவிட்டால் சிக்கலில் முக்கால்வாசி தீரும். எம்பிராய்டரிக் கண்டு எட்டு மீட்டர், ஆறு இழை. நிற எண் அதைச் சுற்றிய காகிதத்தில்தான் இருக்கும். அந்தக் காகிதம் தொலைந்தால், பாதி பூ முடிந்த நிலையில் நூல் தீரும்போது கடைக்காரரிடம் ‘இதே பச்சைதான், ஆனால் கொஞ்சம் மங்கல்’ என்று விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நூலை அட்டையில் சுற்றினால் எண்ணை அட்டையிலேயே எழுதிவிடுங்கள். செல்லோ டேப் வேண்டாம், வெயிலில் பசை வழிந்து நூலில் ஏறும்.

இனி சூட்டுக்குப் பயப்படுபவை: பசை, பெயின்ட், எலாஸ்டிக், க்ளூ ஸ்டிக். இவற்றைப் பரணில் போடுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. மொட்டைமாடித் தளத்துக்கு நேர் கீழே இருக்கும் பரண்தான் வீட்டிலேயே சூடான இடம். தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் என்றால் சொல்லவே வேண்டாம். மேல்தட்டில் கண்ணாடி மணி, ஃபிரேம், கத்தரி இருக்கட்டும். பசையும் பெயின்ட்டும் அலமாரியின் அடித்தட்டுக்கு இறங்க வேண்டும். எலாஸ்டிக்கை இழுத்து விட்டுப் பாருங்கள். நொறுநொறுவென்று சத்தம் கேட்டால் உள்ளே ரப்பர் உதிர்ந்துவிட்டது, பாவாடையில் கோத்த பிறகு வருந்துவதைவிட இப்போதே எறிவது மேல்.

வெள்ளைப் பசை தயிர் போலக் கெட்டியாகியிருந்தால் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கிப் பயன்படுத்தலாம். கட்டி கட்டியாகத் திரிந்திருந்தாலோ நாற்றம் அடித்தாலோ கொட்டிவிடுங்கள். சட்டென ஒட்டும் சொட்டுப் பசை, காற்றில் உள்ள ஈரத்தால்தான் இறுகுகிறது. திறந்ததை ஒரு சிறு கண்ணாடி பாட்டிலில், சிலிக்கா ஜெல்லோடு நிமிர்த்தி வைத்தால் சில மாதம் வரும். அது சிந்தினால் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். பருத்தியோடு சேர்ந்தால் சூடேறிப் புகையும், கை பொத்துப்போகும். க்ளூ ஸ்டிக்கில் 7 மி.மீ., 11 மி.மீ. என்று இரண்டு தடிமன் உண்டு. இரண்டையும் ஒரே பையில் போட்டால் மெல்லியது அதை உருக்கும் பெரிய க்ளூ கன்னுக்குள் போய், உருகிப் பின்பக்கமாக வழியும். படுக்கைவசமாக, தூசி படாத கவரில் வையுங்கள்.

அக்ரிலிக் பெயின்ட் ஒருமுறை காய்ந்தால் தண்ணீரில் மீளாது. பாட்டிலின் மூடி மரையில் காய்ந்து ஒட்டியிருக்கும் பெயின்ட்தான் அடுத்த கோடை வரை அது தங்குமா என்பதைத் தீர்மானிக்கும். அந்தப் பொருக்கு இருந்தால் மூடி முழுசாக இறங்காது, காற்று புகும். ஈரத் துணியால் மரையைச் சுற்றித் துடைத்து, ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளை வாயில் வைத்து மூடுங்கள். டெரகோட்டா களிமண் கதை இதற்கு நேர் எதிர். பாதி காய்ந்த கட்டியில் தண்ணீர் ஊற்றினால் வெளியே சகதியாகி, உள்ளே கல்லாகவே நிற்கும். வெயிலில் எலும்பு போல முழுக்கக் காயவிட்டு, சுத்தியலால் சின்னதாக உடைத்து, மூழ்குகிற அளவு தண்ணீரில் ஓர் இரவு போடுங்கள். கிளறக் கூடாது. தானாகவே உதிர்ந்து கரையும். மேலே தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, பழைய துணிமேல் பரப்பிப் பதம் வந்ததும் பிசைந்துகொள்ளலாம். சுடாத மண் எத்தனை வருஷமானாலும் வீணாகாது.

டிசைன் அச்சிட மண்ணெண்ணெயில் வெள்ளைப் பொடி கலந்து வைத்திருப்பார்கள், அதுவும் பெரும்பாலும் பழைய தண்ணீர் பாட்டிலில். அலமாரியில் முதலில் வெளியேற வேண்டியது அந்த பாட்டில். குழந்தை இருக்கும் வீட்டில் குடிக்கிற பாட்டிலில் மண்ணெண்ணெய் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. தேவைக்கு மட்டும் கலக்குங்கள்.

துணித் துண்டுகளுக்கு வருவோம். கைவேலை செய்கிறவர்கள் மனம் உடையும் இடம் இது. ஒரு துண்டைக்கூடத் தூக்கிப்போட மனம் வராது. அளவு வைத்துப் பிரித்தால் பாசம் குறையும். அரை மீட்டருக்கு மேல் உள்ளவை தனி. கை, லைனிங், குழந்தைச் சட்டை எதற்காவது ஆகும். கைக்குட்டை அளவிலிருந்து அரை மீட்டர் வரை இரண்டாவது. பொட்லிப் பை, பின்கழுத்துப் பேட்ச், பவுச். மூன்றாவது, நீளமாக இருந்து அகலம் குறைந்தவை. இவற்றில் மூலைவாக்கில், அதாவது கிராஸாக, ஒன்றேகால் அங்குலப் பட்டை வெட்ட முடிகிறவற்றை மட்டும் பைப்பிங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிராஸ் வராத துண்டு கழுத்து வளைவில் சுருக்கம் விழும், எவ்வளவு நல்ல பட்டாக இருந்தாலும் பைப்பிங்குக்கு உதவாது. அதற்கும் கீழே உள்ளங்கைக்குள் அடங்குபவை பட்டனுக்கும் தொங்கலுக்கும், மீதி தலையணைக்குள் அடைக்கவும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு பை. பை நிறைந்தால், புதுத் துண்டு ஒன்று உள்ளே போக பழசு ஒன்று வெளியே வர வேண்டும்.

2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லில் மீனவப் பெண்கள் துணிக் கழிவிலிருந்து செய்யத் தொடங்கிய ‘சுனாமிகா’ பொம்மை, விரல் நீளம்கூட வராது. உள்ளங்கைத் துண்டுக்கும் வேலை இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் அந்த வேலையை நீங்கள் உண்மையிலேயே செய்யப்போகிறீர்களா என்பது வேறு கேள்வி. செய்யாதவர்கள் பருத்தித் துண்டை மெக்கானிக் கடைக்குத் துடைக்கக் கொடுக்கலாம். பாலியஸ்டர் துண்டைக் குப்பையோடு கொளுத்துவது மட்டும் வேண்டாம். உருகிச் சொட்டும், புகை மூச்சை அடைக்கும். போகிக்குப் போகி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்டுக்கொள்வதும் இதைத்தான்.

பிளவுஸின் மிச்சத்தைப் பிட் பையில் போடுவதைவிட, உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை அந்த பிளவுஸின் உள்மடிப்பிலேயே தளர்வாகத் தைத்துவிடுங்கள். இரண்டு வருஷம் கழித்துப் பக்கத்தில் பிரித்து அகலப்படுத்தும்போது தேட வேண்டியிருக்காது. பட்டுத் துண்டுகளை ஒரே மடிப்பில் வைத்தால் மடிப்பிலேயே கிழியும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றி மடியுங்கள். மெரூன், கருநீலம் போன்ற புதுப் பருத்தியை ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தனிப் பை. காடா துணியில் கஞ்சி இருந்தால் அலசிவிட்டு வையுங்கள், இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி விருந்து.

அந்தப் பூச்சி துணிக்கு மட்டும் வருவதில்லை. சுருட்டிப் பூ செய்யும் குயில்லிங் காகிதம், டிரேசிங் தாள், அட்டைப்பெட்டியை ஒட்டிய பசை எல்லாம் அதற்குச் சாப்பாடு. ஸ்வீட் பெட்டியில் நூல் வைக்கும் பழக்கத்தை விடச் சொல்வது இதனால்தான். பெட்டியின் மடிப்புகளைப் பிரித்துப் பாருங்கள். துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிதாக, கரும்பழுப்பில், பை போல ஒட்டிக்கொண்டிருப்பது கரப்பான் முட்டைக்கூடு. ஒரு கூட்டிலிருந்து ஒரு படையே வரும். உல்லன் நூலைத்தான் அந்து அரிக்கும், அக்ரிலிக் நூலை விட்டுவிடும். எது எது என்று தெரியவில்லையா? ஒரு விரல் நீளம் வெட்டிக் கிண்ணத்தில் வைத்துக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை வந்தால் உல்லன், உருகிக் கெட்டி உருண்டையானால் அக்ரிலிக். அரித்த உல்லனை ஜிப் கவரில் காற்றைப் பிதுக்கிவிட்டு மூடி, ஃப்ரீசரில் ஒரு வாரம் போடலாம். எடுத்ததும் கவரைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். இல்லையென்றால் நூலெல்லாம் வியர்த்துவிடும்.

அந்துருண்டையையும் பூஜைக் கற்பூரத்தையும் ஒரே தட்டில் போடுகிறவர்கள் அதிகம். தனித்தனியே இருந்தால் இரண்டும் திடமாக நிற்கும். தொட்டுக்கொண்டிருந்தால் நம் ஊர் வெயிலுக்கே உருகிக் கூழாகித் துணியில் எண்ணெய்க் கறை போல இறங்கும். அந்துருண்டை சில பிளாஸ்டிக் டப்பாக்களையும் பிசுபிசுக்க வைக்கும். கைக்குழந்தை உள்ள வீட்டில் அதை வைக்கவே கூடாது, சில குழந்தைகளுக்கு அதன் ஆவி ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். வசம்புத் துண்டும் வேப்பிலையும் போதும் என்பார்கள். கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். வேப்பிலையை நிழலில் சருகாக்கிவிட்டுப் போடுங்கள். பச்சையாகப் போட்டால் பூச்சியை விரட்ட வந்தது பூஞ்சையைக் கூட்டிவரும்.

ஊசி டப்பாவில் ஒரு விஷயம். வீட்டு மெஷின் ஊசியின் தலைப்பகுதி ஒருபக்கம் தட்டையாக இருக்கும். பவர் மெஷின் ஊசிக்கு முழு உருண்டை. கலந்துபோனதை மாட்டினால் நூல் விட்டு விட்டுத் தைக்கும், மெஷின்மேல் பழி விழும். விரலால் உருட்டிப் பார்த்துப் பிரித்துவிடுங்கள். மெஷினின் தட்டைக் கழற்றிப் பல்லுக்கு இடையில் இருக்கும் பஞ்சைத் தூரிகையால் எடுத்த பிறகுதான் எண்ணெய் விட வேண்டும், அதுவும் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசினாகி இறுகும். துருப்பிடித்த ஊசி, பிளேடு எல்லாவற்றையும் ஒரு கெட்டி பாட்டிலில் போட்டு மூடி, டேப் ஒட்டி, ‘ஊசி’ என்று எழுதிக் கொடுங்கள். குப்பையைப் பிரிப்பது ஒரு மனிதரின் கை.

அரைகுறை வேலைகள் கடைசியில். ஃபிரேமில் ஆறு மாதமாக இழுத்துக் கட்டியிருக்கும் துணியை இப்போதே அவிழ்த்துவிடுங்கள். வளையத்தின் தழும்பும் திருகின் துருவும் ஏறினால் போகாது. வேலை, அதற்குரிய நூல், டிசைன் தாள், ஊசி எண் எல்லாம் ஒரே கவருக்குள். மேலே ‘இடது கை, மூன்றாவது மாங்காய் வரை முடிந்தது’ என்கிற மாதிரி ஒரு வரி எழுதிவையுங்கள். நூலே தீர்ந்து, அதே நிறமும் கிடைக்காத வேலையென்றால் மணியைப் பிரித்தெடுத்துக்கொண்டு அதைக் கைவிட்டுவிடலாம்.

மரச்சட்டத்துக்கு அடியில் மாவு போலக் கொட்டியிருந்தால் அது உளுத்த மரம். மற்றச் சட்டங்களோடு சேர்த்து வைக்க வேண்டாம்.

இவ்வளவும் முடிந்தபின்தான் டப்பா வாங்கவும் சவுக்கார்பேட்டைக்கோ மதுரைக் கடைத்தெருவுக்கோ போகவும் வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டில், தீர்ந்துபோன ஒவ்வொரு நூலிலும் ஒரு விரல் நீளத்தைத் துளையில் கோத்து முடிந்து, பக்கத்தில் எண்ணை எழுதி எடுத்துப்போங்கள். மணியென்றால் நாலைந்தைக் கோத்துக்கொள்ளலாம். செல்போன் படத்தை நம்பாதீர்கள், மாம்பழ மஞ்சள் அதில் எலுமிச்சை ஆகிவிடும். கடைக்குள் விளக்கு வெளிச்சத்தில் பொருந்தியதுபோலத் தெரிந்தாலும், ஸ்பூலை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் நோட்டோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். கடைக்காரர்கள் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை, அவர்களுக்குப் பழக்கம்தான்.